அம்மிக்கல்லின் கீழ் ஒரு புத்தகம்

அக்கா,

சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையிலிருந்து பசை வாடை போகவில்லை. உன் கையில் எப்போதும் இருந்த அதே வாடை. சோற்றில் நீ கை வைக்கும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்த விஷத்தைக் கழுவிட்டு உக்காரேன்டி" என்பாள். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள் என்று நீ எத்தனை முறை சொல்லியும் அவளுக்கு அது விஷம்தான். அப்பா வாசலில் படுத்திருக்கிறார். அவர் மூக்குக்கு எட்டிவிடக் கூடாதென்று இடது கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு, விளக்குத் திரியையும் இறக்கிவிட்டு எழுதுகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தஞ்சாவூர் அச்சகத்தில் பைண்டிங் வேலை கிடைத்தபோது நம் தெருவே உன்னை வேடிக்கை பார்த்தது. சேற்றில் இறங்காமல் சம்பளம் வாங்கிய முதல் பெண் நீ. "நிழல்ல உக்காந்து செய்யற வேலைடி" என்று நீயும் பெருமையாகத்தான் சொன்னாய். ஆனால் அச்சடித்த தாளை மூங்கில் பட்டையால் மடித்து, மடித்ததை அடுக்கி, ஊசியால் தைப்பதோடு பெண்கள் வேலை முடிந்தது. ஓரம் வெட்டுவதும் அட்டை கட்டுவதும் ஆண்களுக்கு. அவர்கள் பைண்டர்கள். உனக்குப் பெயர் தையல் பொண்ணு. எத்தனை புத்தகம் தைத்தாலும் அதே பெயர்தான்.

பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். ஒரு நாள் முழுக்க ஒரே ஃபாரத்தை மடித்துவிட்டு வருவாய். நான் கதை கேட்டால் நடுவிலிருந்து தொடங்குவாய். அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று கேட்டால், "எனக்கென்னடி தெரியும், நாலாவது ஃபாரம்தான் என் கைக்கு வந்துச்சு" என்று சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது.

அட்டை கட்டும் வேலையை நீ ஓரக்கண்ணாலேயே பார்த்துப் பழகியிருந்தாய். வீட்டில் என் பழைய பாடப் புத்தகங்களைப் பிரித்துத் தைத்து, அட்டை ஒட்டி, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்துவிடுவாய். காலையில் அம்மா, "மொளகாயை எதுல அரைக்கிறது, ஒன் பொஸ்தகத்துலயா?" என்று கத்துவாள். கல்லை நகர்த்த விடமாட்டாய். அத்தனை சுத்தமாகக் கட்டத் தெரிந்தவள், அச்சக மேஸ்திரியிடம் அந்த வேலையைக் கேட்டாயா? நான் நச்சரித்தபோது, "கேட்டா இருக்கறதும் போயிடும்டி" என்றாய். எனக்கும் கற்றுத்தரவில்லை. "பைண்டு பண்றவ நான், படிக்கிறவ நீ" என்று பட்டையைப் பிடுங்கிக்கொண்டாய். எனக்கு எது வேண்டும் என்று நீயும் கேட்கவில்லை.

பிறகு அறுப்புக் கூலிக்கான சண்டை வந்தது. ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்று பேசிக்கொண்டிருந்த தெரு, முனையில் சிவப்புக்கொடியை நட்டுவிட்டு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. பின்னாலேயே போலீஸ் வந்தது. உன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மேஸ்திரி கழித்துப்போட்ட தாள்களிலிருந்து, மை ஈஷிய தாளும் கோணலாக அச்சான தாளுமாக, ஒரு நாவலை ஃபாரம் ஃபாரமாகச் சேர்த்துவந்தாயே, அது முழுதானது அப்போதுதான். எனக்கென்று தைத்தும் முடித்தாய். அட்டை ஒட்ட மைதா வாங்கி வைத்திருந்தாய். அன்று சாயங்காலம் அம்மா அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். நீயும் பார்த்தாய். துத்தம் கலக்காத அந்த மாவைக் கிண்டித் தின்றுவிட்டுப் படுத்தோம். புத்தகம் அட்டையில்லாமல் நின்றுபோயிற்று.

அந்த மழையில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. வண்டிமாடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் பண்ணைப் பக்கம். ஒருவரும் வண்டி தரவில்லை. வாய்க்கால் கரையோடு கயிற்றுக் கட்டிலில் வைத்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பஸ் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது அப்பா, நீ தினமும் வேலைக்குப் போய்வந்த பஸ்ஸைத் திட்டுகிறார், அக்கா. டவுனைத் திட்டுகிறார். உன் இடம் காலியாக இருக்கிறது, தங்கச்சி வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரி சொல்லியனுப்பினார். "ஒருத்திய அனுப்பினது போதும்" என்று அப்பா எழுந்துபோய்விட்டார். வண்டி தராதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூலிச் சண்டை பாதியில் சமாதானமாகி, அவர்களிடமேதான் வேலைக்குப் போகிறார். வீட்டுப் பெண்கள் எல்லோரும் நடவுக்கு வந்தால்தான் அவருக்கும் வேலை என்று பண்ணை ஏஜெண்டு சொல்லிவிட்டான். என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நாளை விடிந்தால் நான் நாற்றங்காலில் நிற்க வேண்டும்.

நான் நிற்கப்போவதில்லை. முதல் பஸ்ஸில் போகப்போகிறேன். மேஸ்திரி முன்னால் நீ தைத்த நாவலை அட்டையோடு வைத்து, தையல் வேண்டாம், அட்டை வேலை கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன். நான் போனதற்காக அப்பாவை ஏஜெண்டு வரப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவான். அதுவும் தெரிந்துதான் போகிறேன்.

ஆனால் அட்டை சரியாக வர வேண்டுமே. போன வாரம் ஒட்டி, அவசரத்தில் வெயிலில் காயவைத்தேன். அப்பளம்போலச் சுருண்டுகொண்டது. கிழித்துப்போட்டுவிட்டு அழுதேன். நீ ஏன் நிழலில் வைத்தாய், ஏன் கல்லை ஏற்றினாய் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓர் அட்டை மிஞ்சியிருக்கும். இருந்த கடைசி அட்டையை இன்று ஒட்டிவிட்டேன். பொழுது சாய்ந்ததும் அம்மியைத் தூக்கப் போனேன். அம்மா அதன்முன் உட்கார்ந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். இரவுக்குக் கஞ்சிதான், மிளகாய்க்கு வேலையே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அரைத்ததை வழித்துக் கிண்ணத்தில் போட்டு மூடினாள். கல்லைக் கழுவினாள். முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள்.

"காலையில அம்மி எனக்கு வேணாம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருவருமாகத்தான் தூக்கி வைத்தோம். கல்லுக்குக் கீழே புத்தகம் இருக்கிறது. விடிவதற்குள் காய்ந்துவிடுமா, நேராக நிற்குமா, தெரியவில்லை. உன் ஊசியும் மூங்கில் பட்டையும் என் பைக்குள் இருக்கின்றன. நீ மேஸ்திரியிடம் கேட்காமல் விட்டதையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். அதை என் வாயால் கேட்டுவிடுகிறேன், அக்கா. அதற்கப்புறம் உன்மேல் கோபம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.