அம்மாவுக்குத் தெரியாத ஆறு மெஷின்கள்

ஜூன் 3, செவ்வாய்

அம்மாவுக்கு இரவுப் பணி. இந்நேரம் வார்டில் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருப்பாள். அப்பா கூடத்தில் படுத்தபடி ஃபோன் பார்க்கிறார். நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற கதவு இது ஒன்றுதான்.

நேற்று நான் செய்ததை எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று நினைத்தேன். கை ஓடவில்லை. நாளைக்கு.

ஜூன் 4, புதன்

அம்மாவின் கையெழுத்தை நான் போட்டேன்.

பள்ளித் தாள்களில் போடுவது வழக்கம்தான். அம்மா காலையில் வந்து அசதியில் சாய்ந்திருப்பாள். தாளை நீட்டினால், கண்ணைத் திறக்காமலே "நீயே போட்டுக்கோடி" என்பாள். ஏழாம் வகுப்பிலிருந்து இப்படித்தான். ஆனால் இது பள்ளித் தாள் இல்லை. லிஃப்ட் கம்பெனியில் அப்பாவின் சம்பளத்திலிருந்து பத்தொன்பது வருடமாகப் பிடித்துவந்த ஓய்வுக்கால நிதி. அதை முன்னதாகவே முழுசாக எடுப்பதற்கான விண்ணப்பம். கடைசிப் பக்கத்தில் 'மனைவியின் ஒப்புதல்' என்று ஒரு கட்டம்.

"அம்மாகிட்ட அப்புறம் நான் சொல்லிக்கிறேன். ஒரே ஒரு கையெழுத்து, கண்ணு" என்றார். அப்பா என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட்டு எத்தனையோ நாளாகிறது. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. போட்டுவிட்டேன்.

ஏன் போட்டேன்?

ஜூன் 7, சனி

அப்பா கெட்டவர் இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும்.

அவருடன் வேலை பார்த்த மாமா ஒருவர் போன வருடம் ஓய்வு பெற்றார். நிதி மொத்தமும் கைக்கு வந்தது. மூன்றாம் மாதம் அவருடைய முழங்கால் மடங்காமல் போய்விட்டது. இப்போது மாடி வீட்டிலிருந்து கீழே இறங்குவதில்லை. ஊரெல்லாம் லிஃப்ட் பொருத்தியவர். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் அப்பா நீலக்கோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

நீலக்கோட்டு என்பது அம்மா வைத்த பெயர். வீடியோவில் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு, அறுபது வயது வரை காத்திருப்பவன் ஏமாளி, உட்கார்ந்த இடத்திலேயே வருமானம் வர வேண்டும் என்று பேசுகிற ஆள். "என்னங்க, உங்க நீலக்கோட்டு இன்னைக்கு என்ன சொல்றாரு? சோறு தானா வெந்துடுமாமா?" என்று கேட்பாள். அப்பாவும் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஆறு சலவை மெஷின்கள் இருப்பது அவளுக்குத் தெரியாது. காசு போட்டால் ஓடும் மெஷின்கள். சந்து முனையில் காலியாகிற சலூனை வாடகைக்கு எடுத்து உள்ளே வரிசையாக வைப்பாராம். "இத்தனை வருஷம் நான் ஏறி இறங்கினாத்தான் சம்பளம். இனிமே மெஷின் சுத்தும், நான் சும்மா இருப்பேன்." மெஷினுக்கு முன்பணம்கூடக் கொடுத்துவிட்டாராம்.

ஜூன் 9, திங்கள்

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பத்து வேலை நாட்களில் பணம் வந்துவிடுமாம். விரல் விட்டு எண்ணினேன். வரும் இருபத்து மூன்றாம் தேதி.

ஜூன் 12, வியாழன்

கணக்குத் தேர்வு. அரை மணி நேரம் வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து மோசடிக்கு என்ன தண்டனை? யாரிடம் கேட்பது? கேட்டாலே "ஏன் கேக்குறே?" என்பார்களே.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று விடுமுறை. சொல்லிவிட வேண்டும் என்று நான்கு முறை சமையலறைக்குப் போனேன். நான்கு முறையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

"என்னடி, வயித்துல கிணறா வெட்டி வச்சிருக்கே?" என்றாள்.

ஜூன் 18, புதன்

மாலையில் அம்மா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கி, செருப்பு வாரின் தடம் பதிந்திருந்தது. அப்பா பக்கத்தில்தான் இருந்தார்.

"இன்னும் நாலு வருஷம்தாங்க இந்த நைட்டு டூட்டி என்னால முடியும். அப்புறம் உங்க நிதிதான். அது இருக்குங்கற தைரியத்துலதான் தினமும் பஸ் ஏறுறேன்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "தண்ணி ஆறிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. எழுந்து போய் இன்னும் கொஞ்சம் வெந்நீர் வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

சொல்லிட்டேன். சொல்லிட்டேன்.

அப்பா ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார். அம்மா ஏழரைக்கு வந்து பையைக் கீழேகூட வைக்கவில்லை, எல்லாம் என் வாயிலிருந்து கொட்டிவிட்டது. மெஷின், சலூன், கட்டம், நான். அம்மா நம்பவில்லை. மின்கட்டண ரசீதைத் திருப்பிப் போட்டு, "எங்க, போட்டுக் காட்டு" என்றாள். போட்டேன். ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் போட்டாக்கூட இவ்வளவு நல்லா வராதேடி."

சிரித்தாள். அப்புறம் அழுதாள். முகம் கழுவினாள். தூங்கவே இல்லை. அப்பாவுக்கு ஃபோன் செய்து, "நிதி ஆபீஸ் வாசலுக்கு வாங்க" என்று மட்டும் அழுத்திச் சொன்னாள். என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம்தான் தெரிந்தது. கவுன்டரில், "கையெழுத்து போட்டேன், இப்ப மனசு மாறிடுச்சு" என்றாளாம். என் பெயர் வரவே இல்லை. விண்ணப்பம் ரத்து. மெஷினுக்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான்.

அப்பா என்னைத் தாண்டிப் போகும்போது, திரும்பாமல் சொன்னார்: "காட்டிக் கொடுத்துட்டே இல்ல?"

ஜூன் 21, சனி

நான் என்ன செஞ்சிருக்கணும்? யாராவது சொல்லுங்களேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஒன்பது நாள். அப்பா என்னிடம் பேசவில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவைத்தான் கேட்கிறார். உப்பு என் பக்கத்தில் இருக்கிறது.

இரவு அவர்கள் பேசுவது சுவர் வழியாகக் கேட்டது. சண்டை இல்லை. அம்மா கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்: "தண்ணிக்கு எவ்வளவு கட்டணும்? மெஷின்ல துணி சிக்கினா ராத்திரி யார் போறது? ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?" அப்பாவின் குரல் கடைசியில்தான் கேட்டது: "அதெல்லாம் நீலக்கோட்டு சொல்லலை."

அம்மா: "அப்போ நாமளே போய்ப் பார்ப்போம்."

ஜூலை 6, ஞாயிறு

நான்கு தெரு தள்ளி இதே மாதிரி சலவைக் கடை ஒன்று இருக்கிறது. எதிரே பேருந்து நிறுத்த பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மா நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். இரண்டு மணி நேரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். நான்கு பேர் துணி மூட்டையோடு திரும்பிப் போனார்கள். ஐந்து மெஷினில் மூன்று ஓடவில்லை. கடைக்காரம்மா ஒரு மெஷினைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அப்பாவின் கால் ஆட ஆரம்பித்தது. "பெல்ட்டு நழுவியிருக்கு. தட்டினா எப்படி?" என்று முணுமுணுத்தார். இன்னும் இரண்டு தட்டு. எழுந்து சாலையைக் கடந்து போய்விட்டார்.

"வியாபாரத்தைப் பார்க்க வந்தா, மனுஷன் ரிப்பேருக்குப் போயிட்டாரு" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. மூன்றாவது மெஷினும் ஓடிய பிறகுதான் வெளியே வந்தார். சட்டையெல்லாம் சோப்புத் தண்ணீர். கடைக்காரம்மா வாசல் வரை வந்து ஏதோ கேட்டுக்கொண்டே நின்றார்.

ஜூலை 20, ஞாயிறு

அதே கடைக்கு ரிப்பேர் பார்க்க அப்பா மூன்றாவது வாரமாகப் போகிறார். லிஃப்ட் வேலையை விடவில்லை. நீலக்கோட்டின் குரல் இந்த வாரம் ஒரு முறைதான் கேட்டது, அதுவும் பாதியில் நின்றது. என்னிடம் இன்னும் பேச்சில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலை ஐந்தரைக்கு அப்பா என் கட்டிலருகே நின்றார். பயந்து எழுந்தேன்.

"சலவைக் கடைக்காரம்மா கடிதம் கேக்குறாங்க. அவங்க மாசாமாசம் எனக்கு இவ்வளவு குடுத்துடணும், மெஷின் எப்ப நின்னாலும் நான் போவேன், ஒரு மாசம் எதுவுமே கெடலைன்னாலும் அந்தக் காசு உண்டுன்னு. இன்னும் ரெண்டு கடைல கேட்டிருக்காங்க. நீ எழுதித் தர்றியா?"

தலையாட்டினேன்.

"அம்மா தூங்கி எழுந்ததும் படிச்சுக் காட்டு. அவ சரின்னு சொன்னப்புறம்தான் நான் எடுத்துட்டுப் போவேன்." வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "அன்னைக்கு உன்னை அந்தக் கட்டத்துல கையெழுத்து போடச் சொல்லியிருக்கக் கூடாது, கண்ணு." பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

பள்ளிக்குப் போகுமுன் எழுதி முடித்தேன். மாலையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தலைமுடியை முடிந்துகொண்டே கேட்டாள்.

"அந்த ராத்திரி நேரத்துல கூப்பிட்டா போறதுங்கற வரி இருக்கே, அதை மறுபடி படி."

படித்தேன்.

"அதுக்குத் தனிக் காசுன்னு சேர்த்துக்கோ" என்றாள்.