போட்டுக்கு ஊற்றுகிற ஒயில்

யூன் 2, திங்கள்

கச்சான் காற்று. விடியவே தொடங்கிவிட்டது. வாயில் மண், காதில் மண், பிளேன்டீயில் மண். இந்தக் காற்றில் பட்டம் கட்டிக் கடலில் இழுபடத்தான் வெள்ளைக்காரர்கள் ஆலங்குடாவுக்குப் பிளேன் ஏறி வருகிறார்கள். என்னிடம் கேட்டால் சும்மாவே இழுத்து விட்டிருப்பேன்.

கார் வேலை, இன்று:
ரேடியேட்டர் தண்ணீர் குறைவு. ஊற்றியது.
பெட்டரி முனையில் உப்புப் பூத்திருந்தது. சுடுதண்ணீர், பிறகு கிறீஸ்.
பின் இடது சில்லு காற்றுக் குறைவு.
கியர் பொக்ஸ் ஒயில் மாற்றம்.

சந்தி வரை ஓடிவிட்டு வந்து, சூட்டோடேயே அடி நட்டைக் கழற்றினேன். ஆறவிட்டால் பாதி உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சட்டியில் விழுந்த பழைய ஒயிலில் மஞ்சள் மினுக்கம். தொட்டால் விரலில் பொன் தூள் மாதிரி. மர்யத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பாத்தியா, உனக்கு ஒரு சோடி காப்பு அடிக்கலாம்."

"முதல்ல என்ட சோத்துச் சட்டிய எடுத்த இடத்துல வைங்க."

கட்டிலில் கிடந்தாலும் குசினிக் கணக்கு பெண்சாதியிடம்தான்.

புதிதாக ஊற்றியது அடுத்த வளவு காசிம் தந்த ஒயில். அவனுடைய போட் எஞ்சினில், தண்ணீருக்குள் நிற்கிற கீழ்க் கியருக்கு ஊற்றுவது. போன வருசத்திலிருந்து இதுதான் ஊற்றுகிறேன். பாலாவி மெக்கானிக் பாஸ் சொன்னது வேறு. என்னுடையது மாதிரி ஸ்ரீ நம்பர்ப் பழைய காருக்கு எஞ்சினில் ஊற்றுகிற அதே முப்பதாம் நம்பர் ஒயில்தான் கியருக்கும் என்றார். எனக்கு அது ஏறவில்லை. அது தண்ணீர். இது தேன். ஊற்றினதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. கடலில் ஓடுவது ரோட்டில் ஓடாதா?

பின்னேரம் மர்யத்தின் காலுக்கு மருந்து கட்டினேன். சீனி வருத்தம். இடது பெருவிரல் கறுத்துப்போய்விட்டது. மணக்கிறது. மணக்கவில்லை என்று சொன்னேன். வியாழக்கிழமை புத்தளத்தில் கிளினிக். போன தடவை டொக்டர் இரண்டு தரம் சொன்னார், வியாழனைத் தவற விட வேண்டாம், விரலோடு நிறுத்தலாமா என்று அன்றைக்குத்தான் முடிவு.

யூன் 3, செவ்வாய்

காற்று அதேதான். கூரைத் தகடு ஒன்று கிளம்பப் பார்க்கிறது. மேலே கல் வைத்தேன்.

காசிம் வந்தான். கடலுக்குப் போக முடியாத நாள் என்றால் இவன் வாய்க்கு லீவு கிடையாது.

"காக்கா, வியாழக்கிழமைக்கு மச்சான்ட வேன சொல்லவா? மர்யம் லாத்தா காலை நீட்டிக்கிட்டுப் போகலாம்."

"ஏன், என்ட கார்ல என்ன குறை?"

"குறை எண்டு இல்ல. உங்களப் போலதான். பாக்க நல்லம், ஏத்தத்துல மூச்சு வாங்குது."

"இல்லாத திமிங்கிலத்தக் காட்டி வெள்ளைக்காரன ஏமாத்துறவன் நீ. என்ட காரப் பத்திக் கதைக்காத."

"சொல்லி வைக்கிறன். வேணாமெண்டா விடுவம்."

"வேணாம் எண்டு இப்பவே சொல்லு. பிறகு அவன் சும்மா நிப்பான்."

உள்ளேயிருந்து மர்யம் சிரித்தாள். அவள் சிரித்ததற்காகவே இன்னும் நாலு வார்த்தை ஏசினேன் காசிமை.

மூன்று சில்லு ஓட்டோவில் அவளை ஏற்ற முடியாது. காலை மடக்கவே கூடாது. போன மாதம் ஒரு தடவை ஏற்றிப் பார்த்து, நுரைச்சோலைக்கு வருமுன்னே அழுதுவிட்டாள். என் காரில் முன் சீட்டைப் பின்னால் தள்ளி, காலுக்குக் கீழே தலையணை வைத்தால் ராணி மாதிரி வருவாள். அதனால்தான் இந்தக் கார். அதனால் மட்டும் என்று சொன்னால் பொய். சண்டைக்குப் பயந்து மன்னாரிலிருந்து கையை வீசிக்கொண்டு வந்தவன் இங்கே வந்து வாங்கின ஒரே பெரிய சாமான் இது. ரோட்டில் போனால் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். என்னை யார் பார்க்கப்போகிறார்கள்.

யூன் 4, புதன்

மேகம். மழை இல்லை.

சந்தி வரை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியருக்குப் போடும்போது நெறுநெறு. கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஒருக்கால் எக்சிலேட்டர் கொடுத்தால் விழுகிறது. அது பழைய டிரைவர்மாருக்குத் தெரிந்த வித்தைதான். மூன்றாவதுதான் வேறு கதை. போட்டால் விழுகிறது, நிற்பதில்லை. கையை எடுத்தால் துள்ளி வெளியே வருகிறது. நாலாவது சுகம்.

பாஸுக்குப் போன் அடித்தேன்.

"நானா, ஓட்ட வேணாம். நான் வெள்ளிக்கிழமை வாறன், கழட்டிப் பாப்பம்."

"வியாழன் எனக்குப் பயணம் பாஸ்."

"அப்ப வேற வாகனத்துல போங்க."

வேற வாகனமாம். ஊரெல்லாம் காசிமின் ஆட்கள்.

மர்யத்துக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. கஞ்சி கொடுக்கும்போது பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. நாளைக்கு இது போகுமா?"

"போகும்."

"பகிடி இல்லாம?"

"பகிடி இல்லாம."

போகுமா என்று எனக்குத் தெரியாது. ஒரு போன் எடுத்தால் வேன் வரும். காசிமின் முகத்தை நினைத்தேன். எடுக்கவில்லை.

யூன் 5, வியாழன்

சுபஹு தொழுது ஆறு மணிக்கு வெளிக்கிட்டோம். தலையணை இரண்டு, தண்ணீர்ப் போத்தல், கிளினிக் கொப்பி, பாண் அரை றாத்தல். கல்பிட்டி ரோட்டில் ஏறி மூன்றாவதைப் போட்டேன். துள்ளினது. மர்யத்தின் கையை எடுத்துக் கியர்த் தடியில் வைத்து அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

"நிக்காஹ் முடிஞ்ச அண்டைக்கு என்ட கையக்கூட இப்பிடிப் புடிக்கல்ல நீ."

"அண்டைக்கு நீங்க துள்ளல்லயே."

சிரித்துக்கொண்டே நுரைச்சோலை தாண்டினோம். அதுதான் கடைசிச் சிரிப்பு.

முன்னால் லொறிக்காரன் ஒருவன், சொல்லாமல் கொள்ளாமல் பிரேக் போட்டான். இரண்டாவதுக்கு இறக்கப் பார்த்தேன். விழவில்லை. திரும்பவும் தள்ளினேன். உள்ளே கல் உடைகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு எந்தக் கியரிலும் எஞ்சின் மட்டும் ஓடுகிறது, கார் நிற்கிறது. இறங்கித் தள்ளி ஓரமாக்கினேன். மணி ஏழுகூட ஆகவில்லை.

முதலில் பாஸுக்கு அடித்தேன். காசிமுக்கு அடிக்கவில்லை. இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

பஸ் ஒன்று நிறுத்தினார்கள். கண்டக்டர் நல்ல பிள்ளை. "ஏறுங்க உம்மா, இடம் தாறம்" என்றான். படியில் கால் வைக்க அவளால் முடியவில்லை. இரண்டு தரம் ஏறப் பார்த்தாள். பஸ்ஸுக்குள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். போகச் சொல்லிவிட்டாள்.

பாஸ் மோட்டர் சைக்கிளில் வந்தபோது எட்டரை. கம்பளத்தைத் தூக்கி, ஒயில் ஊற்றுகிற வாய்க்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு எடுத்து, விரலில் தேய்த்தார். மணந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைக் காரின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன், மர்யத்துக்குக் கேட்காமல்.

"நானா, இது கார் ஒயில் இல்லதானே?"

"போட் எஞ்சினுக்கு ஊத்துறது."

"அனே நானா. இதுல இருக்கிற மருந்து பித்தளைய சாப்பிடும். போட்ல உள்ளுக்கு எல்லாம் இரும்பு, அதுக்கு ஒண்டும் செய்யாது. உங்கட பொக்ஸ்ல கியருக்குக் கியர் பித்தளை வளையம் இருக்கு. எவ்வளவு காலம் ஊத்துறீங்க?"

"ஒரு வருசம்."

ஒயிலில் மஞ்சள் தூள் ஏதும் கண்டீங்களா என்று கேட்டார். கண்டேன் என்றேன். காப்பு அடிக்கப் பார்த்ததைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் காசிமுக்கு அடித்தேன். மச்சானின் வேன், நான் வேண்டாம் என்ற பிறகு, வேறு பயணம் பிடித்துச் சிலாபம் போயிருந்தது. திரும்பி வரப் பன்னிரண்டு. அதுவரை வெயில், காற்று, மண். நான் சேலைத் துண்டால் அவள் காலை மூடி மூடி வைத்தேன். ஒரு தடவை மணி என்ன என்று கேட்டாள். குறைத்துச் சொன்னேன்.

புத்தளம் போய்ச் சேர ஒன்று தாண்டிவிட்டது. கிளினிக் முடிந்து, டொக்டர் போய்விட்டார். நர்ஸ் பிள்ளை கட்டை அவிழ்த்துப் பார்த்து, "இப்பவே வார்டில நில்லுங்க" என்றாள். மர்யம் மாட்டேன் என்றாள்.

"விடியக் காலயில இருந்து கால் தொங்குது. ஊட்ட போய்ப் படுத்துட்டு நாளண்டைக்கு வாறன்."

நில் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். சொல்ல எனக்கு மூஞ்சி இருக்கவில்லை.

யூன் 6, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போனேன். குத்பாப் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று தெரியாது.

பாஸ் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார். கார் நின்ற இடத்தில் ஒயில் கறை. மண் அள்ளிப் போட்டேன்.

மர்யம் நாள் முழுக்கத் தூக்கம். அரைக் கோப்பைக் கஞ்சி. அசதி என்று நினைத்தேன். காசிம் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தான். பகிடி விடவில்லை. விட்டிருக்கலாம்.

யூன் 7, சனி

விடிய உடம்பு கொதித்தது. என்னைப் பார்த்து, செத்துப்போன அவளுடைய கூடப்பிறந்த காக்காவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சிவப்பு, முழங்கால் பக்கம் ஏறிவிட்டது. வேனுக்கு அடித்தேன். இருபது நிமிசத்தில் வந்தது. இருபதே நிமிசம்.

வார்டில் சேர்த்தார்கள். டொக்டர் இளம் பொடியன், மரியாதையான ஆள்.

"வியாழக்கிழமை கண்டிருந்தா விரலோட நிப்பாட்டியிருக்கலாம் ஐயா. இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். விட்டா உயிருக்கு."

வியாழக்கிழமை ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல, வழியில் கார் பழுது என்று ஒரு பதில் வைத்திருந்தேன். அது பொய்யும் இல்லை.

யூன் 9, திங்கள்

கடதாசியில் கையெழுத்துக் கேட்டார்கள். எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார்:

"பேசண்டுக்கு நீங்க யாரு?"

"டிரைவர்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். பிறகு புருசன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என் பேரில் ஒரு எழுத்து விடுபட்டுவிட்டது. திருத்தித் திரும்பப் போடச் சொன்னார்கள்.

பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வாசலில் அவள் என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

நடுவில் பாஸ் போன். நேரம் பார்த்து அடிக்கிற மனிசன். பொக்ஸைத் திறந்துவிட்டாராம். வளையம் எல்லாம் முடிந்தது, இரண்டாவதின் பல் நாலு உடைந்து அடியில் கிடக்கிறது. கொழும்பில் பழைய சாமான் கடையில் எல்லாம் இருக்கிறதாம், வாங்கவா என்று கேட்டார். ஓம் என்றேன். என்ன கேட்டார் என்று பிறகுதான் விளங்கியது.

ஒன்றரைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். போர்வை இடது பக்கம் பாதியில் தட்டையாகக் கிடந்தது.

யூன் 11, புதன்

காற்றுக் கொஞ்சம் குறைவு. களப்புப் பக்கத்திலிருந்து சேற்று மணம், வார்டு வரைக்கும்.

மர்யத்துக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி முழுக் கோப்பையும் குடித்தாள். வாய் துடைத்துவிட்டேன்.

"காரு எங்க?"

"பாஸ்ட கராஜில."

"என்னவாம் அதுக்கு?"

சொன்னேன். காசிமின் ஒயில், ஒரு வருசம் ஊற்றினது, பாஸ் முதலே வேறு ஒயில் சொன்னது. புதன்கிழமை ஓட்ட வேண்டாம் என்று போனில் சொன்னதையும் சொன்னேன். போகும் என்று நான் சொன்னது தெரியாமல் சொன்னது என்பதையும். பக்கத்துக் கட்டில் பெண்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்று விட்டேன்.

மர்யம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"இனிச் சரிவருமா அது?"

"வரும். கொழும்புல சாமான் இரிக்காம்."

"அப்ப சரி. அதுக்குச் சாமான் இரிக்கி."

சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள். ஒற்றைக் காலை ஊன்றித் திரும்ப இன்னும் வரவில்லை. நான்தான் பிடித்துத் திருப்பிவிட்டேன்.