யார் பெயரில் நிதி

1974 செப்டெம்பர் 2, திங்கள்

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. கடை முழுக்கப் புழுதி. கொழும்பு லொறி பின்னேரம்தான் வந்தது. வழியில் ரயர் வெடித்ததாம். அதுவரைக்கும் வெங்காயம் வெயிலில் கிடந்து வியர்த்துவிட்டது. டிறைவருக்கு நல்ல ஏச்சு.

செய்யவேண்டியவை: பிறக்கிராசி வக்கீலிடம் நிதிப் பத்திரம். அச்சகத்தில் அழைப்பிதழ். மனுசி பரமேசின் மூக்குக்கண்ணாடி. சாக்கு, சணல்.

நிதி விஷயம் முடிவு. சின்னவள் தவமணி கண்மூடி அடுத்த மாதம் இரண்டு வருடம். காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு வருடா வருடம் ஒரு தொகை. வகுப்புக்குத் தேவையானதை அவரே வாங்கிக்கொள்ளட்டும். முதல் வருடம் பிலோமினா ரீச்சருக்கு. தவமணியின் வாயில் பேச்சை வருவித்தவர் அவர்தான். ஒன்பது வயது வரைக்கும் வெறும் சத்தம். பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து, நின்ற சனத்துக்கு முன்னால், "அப்பா" என்றாள். நான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பேன்.

'தவமணி நினைவு நிதி.' எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

செப். 4, புதன்

பரமேசின் தம்பி சிவஞானம் அரசாங்கக் கச்சேரியில் வேலை முடிந்து நேரே இங்கே வந்தான். ரீச்சரின் பள்ளிக்கூடச் சபையின் செயலாளர் அவன். அழைப்பிதழ் மாதிரியை வாசித்துவிட்டு மேசையில் எறிந்தான்.

"அத்தான், உதென்ன விசர் வேலை? மூத்தவள் இந்திராவின்ரை சம்பந்தம் கொக்குவிலிலை முற்றி வாற நேரம். எங்கடை வீட்டிலை ஊமைப்பிள்ளை இருந்ததெண்டு நோட்டீஸ் அடிச்சு ஒட்டப்போறியளோ?"

"ஊமை எண்டு சொல்லாதை. அவள் கதைச்சவள்."

"உங்களோடை கதைச்சவள். ஊருக்கு ஊமைதான். நாளைக்கு இந்திராவின்ரை வயித்திலையும் அப்பிடி ஒண்டு வருமோ எண்டு அவை யோசிக்கமாட்டினமோ?"

பரமேஸ் தேத்தண்ணியோடு கதவடியில். "தம்பி சொல்லுறதிலை என்ன பிழை?"

சிவஞானத்தின் யோசனை: என் தகப்பன், ஐயாவின் பெயரில் வைப்பது. 'சின்னத்தம்பி நினைவு நிதி.' "எவ்வளவு மரியாதை, பாருங்கோ!"

ஐயா. வீட்டுக்கு ஆட்கள் வந்தால், "உதைக் கொண்டுபோய்ப் பின் கோடிப்பக்கம் விடுங்கோ" என்பார். 'உது' என்றால் தவமணி. சாகும்வரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சிவஞானம் போனபிறகு பரமேஸ் குசினிக்குள் இருந்து அழுதாள். எந்த மகளுக்காக என்று நான் கேட்கவில்லை.

செப். 6, வெள்ளி

வெங்காயம் விலை ஏறுகிறது. இன்றைக்கு விற்காமல் வைத்தது நல்லது. பாண் கியூவில் இரண்டு பேருக்கு அடிபிடி. சலரோகக் குளிசை முடிந்தது.

யோசித்துப் பார்த்தேன். செத்தவளுக்குப் பெயர் போட்டு என்ன வரப்போகிறது? இருக்கிறவளுக்கு மாப்பிள்ளை வேண்டும். பிறக்கிராசியார் கந்தோரில் கையெழுத்து வைத்தேன். 'சின்னத்தம்பி நினைவு நிதி.'

மாப்பிள்ளை பகுதி கிணற்றடிக் காணியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறது. தவமணிக்கென்று வாங்கி வைத்த துண்டு. சரி என்று சொல்லிவிட்டேன். இஞ்சினியர் மாப்பிள்ளை சும்மா வருமோ?

இரவுச் சாப்பாட்டில் இந்திரா கேட்டாள்: "அப்பா, தங்கச்சியின்ரை பேர் இல்லையோ?"

"உனக்காகத்தான் பிள்ளை."

"நான் கேட்டனானோ?"

கோப்பையோடு எழும்பிப் போய்விட்டாள். புட்டு அப்படியே கிடந்தது.

செப். 11, புதன்

பிலோமினா ரீச்சர் கடைக்கு வந்தார். கையில் அழைப்பிதழ். வாடிக்கைக்காரர் போகும் வரைக்கும் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கதிரை போட்டும் இருக்கவில்லை.

"முதலாளி, உங்கடை ஐயா எங்கடை பள்ளிக்கூடப் படியிலை ஒருக்காலாவது கால் வைச்சவரோ?"

"இல்லை, ரீச்சர்."

"தவமணியை ஒருக்கால் தன்னும் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவரோ?"

"வீட்டிலை ஒரு சம்பந்தம் பேசுப்படுகுது, ரீச்சர். உங்களுக்கு விளங்கும்."

"விளங்குது. வடிவாய் விளங்குது." குடையை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "காசை வாங்குவன். காது மெசினுக்குப் பற்றரி இல்லாமல் ஆறு பிள்ளையள் சும்மா குந்திக்கொண்டிருக்குதுகள். எனக்கு ரோசம் காட்ட வசதியில்லை. ஆனால் மேடையிலை நன்றி சொல்லச் சொல்லாதையுங்கோ."

வெங்காயம் கொஞ்சம் கட்டிக் கொடுக்கப் பார்த்தேன். வேண்டாம் என்றார்.

செப். 21, சனி

விழா. கடும் வெக்கை. மண்டபத்தில் விசிறி இல்லை. மாப்பிள்ளையின் தகப்பன், இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்டர், வந்திருந்தார். முன் வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருத்தினார்கள்.

சிவஞானம் எழுதிக்கொண்டு வந்து வாசித்தான்: "வாய்பேசாச் சிறார்களைத் தம் சொந்தப் பேரப்பிள்ளைகளாகவே கண்ட கருணை வள்ளல் சின்னத்தம்பி அவர்கள்..." கைதட்டல். சொந்தப் பேரப்பிள்ளையை அவர் எப்படிக் கண்டார் என்பது எனக்கும் பரமேசுக்கும் தெரியும். நாங்களும் தட்டினோம்.

ரீச்சரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழும்பினார். "சின்னத்தம்பி அவர்களை எனக்குத் தெரியாது. காசு பிள்ளைகளுக்குப் பயன்படும்." இருந்துவிட்டார்.

பின்னாலிருந்து யாரோ: "பெட்டைக்கு வாய்க் கொழுப்பைப் பார்!"

பிறகு தேத்தண்ணி, வடை. ஸ்ரேசன் மாஸ்டர் என்னை மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"உங்கடை பிள்ளை ஒண்டு தவறினதெல்லோ? காது கேளாத பிள்ளை."

"ஆர் சொன்னது?"

"உதென்ன கேள்வி, முதலாளி? ஊர் முழுக்கத் தெரியும். அதாலைதானே கிணத்தடிக் காணியையும் சேர்த்துக் கேட்டனாங்கள். ஒரு தட்டு இளக்கமெண்டால் மற்றதிலை சரிக்கட்டத்தானே வேணும். வியாபாரி, உங்களுக்கு நான் சொல்லவோ?"

"அப்ப, அவளின்ரை பேரிலை இதைச் செய்திருந்தால்?"

"செய்திருந்தால் என்ன? காணிதான் வருகுதே." வடையைக் கடித்தார். "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு."

சாக்கின் மேல் பக்கம் நல்ல வெங்காயமாக அடுக்கி வைத்திருந்தேன். அவர்கள் எப்போதோ அடியில் கைவிட்டுப் பார்த்து விலையும் வைத்துவிட்டார்கள். நான் விலையையும் கொடுத்தேன், பெயரையும் வெட்டினேன். என்னைக் கெட்டிக்காரன் என்கிறது சந்தை.

செப். 22, ஞாயிறு

கடை பூட்டு. உடம்பு சரியில்லை.

பரமேசிடம் மாஸ்டர் சொன்னதைச் சொன்னேன். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அவளின்ரை காணி அவளுக்காகவே போச்சுதெண்டு நினையுங்கோ." தொடர்ந்து நறுக்கினாள்.

பின்னேரம் சிவஞானம் வீட்டுக்குப் போனேன். பெயரை மாற்று என்றேன்.

"பத்திரம் பதிஞ்சாச்சு, பேப்பரிலையும் வந்திட்டுது. இப்ப செத்த தேப்பன்ரை பேரை வெட்டினால் ஆரும் உங்களை மனிசனெண்டு மதிப்பினமோ, அத்தான்?"

"அவளின்ரை பேரிலை வேறை ஒண்டு தொடங்கிறன்."

"தொடங்குங்கோ. ஆர் மறிச்சது? கலியாணம் முடியட்டும். ஒரு பேரப்பிள்ளையைக் கண்டபிறகு செய்யுங்கோ. அது காது கேட்டுப் பிறக்கட்டும், முதல்."

அடித்திருக்கலாம். அவனுடைய பிள்ளைகள் விறாந்தையில் படித்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

செப். 30, திங்கள்

வடக்கே மப்பு. மழை இல்லை. லொறிக்குப் புது ரயர், கள்ள விலை.

பள்ளிக்கூடம் போனேன். ரீச்சரிடம் என்ன சொல்லலாம் என்று சைக்கிளில் போகும்போதே யோசித்தேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. யன்னலடியில் நின்றேன்.

பற்றரி வந்துவிட்டது. பிள்ளைகளின் காதில் மெசின். ரீச்சர் ஒரு சின்னப் பெட்டையின் கையைத் தன் தொண்டையில் வைத்து ஏதோ சொல்லிக்கொடுத்தார். 'ன்'னுக்கு மூக்கில் விரல். 'பி'க்கு வாய்க்கு முன்னால் கடதாசித் துண்டு. காற்றுப் பட்டால் ஆடவேண்டும்.

"சி... த... த... பி..."

ரீச்சர் என்னைக் கண்டார். வெளியே வரவில்லை. யன்னலுக்குக் கேட்கும்படி சொன்னார்: "வித்தியாதிகாரி வாறாராம். தர்மம் செய்தவரின்ரை பேரைப் பிள்ளையள் சொல்லவேணுமெண்டு செயலாளரின்ரை உத்தரவு. ஒரு கிழமையாய் இதுதான் பாடம்."

பெட்டைக்கு ஏழு வயது இருக்கும். கழுத்து நரம்பு புடைக்க மறுபடி தொடங்கியது. பிழை. மறுபடி. பிழை. ரீச்சர் கடதாசியைப் பிடித்தார். கடதாசி ஆடியது.

"சின்...னத்...தம்பி."

முழுதாக வந்தது. பெட்டை திரும்பி, சரியோ என்று என் முகத்தைப் பார்த்தது. காத்துக்கொண்டே நின்றது.

கையை உயர்த்தி, அதற்குத் தெரியும்படி தட்டினேன்.