பைக்குள் ஓடிக்கொண்டிருந்த வீடியோ

இவளே,

உன் டேப்லெட்டின் உறையைத் திறந்தேன். மடிப்பில் ஒரு காய்ந்த மல்லிகை மொட்டும் ஒரு துண்டு வாழை நாரும் ஒட்டிக்கொண்டிருந்தன. மொட்டில் இன்னும் லேசாக வாசனை இருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பாதியை உள்ளே வைத்து மூடினால் அது எப்படி மூச்சு விடும்?

"தொழிலுக்கு ஒங்களுக்குத்தான் வேணும் சித்தி" என்று உன் மகள் இதைக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. நான் தொடவே இல்லை. போன வாரம் ஆயக்குடியிலிருந்து போன் வந்தது. மூன்று வருசத்துக்கு முன்னால் கல்யாணப் பெண்ணுக்கு நாம் பூச்சடை வைத்தோமே, அந்தக் கொய்யாத் தோப்பு வீடு. இப்போது தங்கச்சிக்குக் கல்யாணம். "அக்காளுக்கு வெச்ச அதே சடைதான் வேணுங்கிறாளுங்க. ஆல்பத்துல பூராமே மொகந்தானுங்க இருக்குது, முதுகுப் பக்கம் ஒண்ணுகூட இல்லீங்க" என்றார் அந்த அம்மா. படம் நம்மிடம் இருக்கிறது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் பெரிய வேலை. படம் கிடைக்காவிட்டால் இந்த வேலையும் போகும், இனித் தனியாக ஒரு வேலை பிடிக்கும் தைரியமும் போகும்.

டேப் பழையபடிதான் இருந்தது. ஒரு படத்தைத் தொட்டால் நடுவில் வட்டம் சுற்றும். அப்புறம் அதுவும் நின்றுவிடும். அது சூடேறினால், பூக்கூடைக்குப் போடும் ஈரத்துணியை எடுத்து நீ போர்த்திவிடுவாய். "பூவுக்கு ஆகுறது இதுக்கு ஆகாதா?" என்பாய். இவ்வளவு நாள் அது உயிரோடு இருந்ததே பெரிய காரியம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "உள்ள எடமே இல்லக்கா. மொத்தமா அழிச்சுட்டா புதுசு கணக்கா ஓடும்" என்றார். படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொன்னேன். மாட்டினால் பாதியிலேயே டேப் அணைந்துவிட்டது. "அப்ப வேண்டாததை ஒண்ணொண்ணா நீங்களே கழிங்க. கொஞ்சம் எடம் கெடச்சாப் போதும்" என்றார்.

கழிப்பதாம்! கூடையில் ஒரு மொட்டு வாடியிருந்தாலும் ஈவிரக்கமில்லாமல் வீசுகிறவள் நீ. டேப்பில் ஒரு காலை வணக்கப் படத்தைக்கூட அழிக்க விட்டதில்லை. "பூ வாடும். போட்டோ வாடுமாடி?" என்று மல்லுக்கு நிற்பாய். முதலில் அந்தக் காலை வணக்கங்களைக் கழித்தேன். வட்டம் அசையவில்லை. அப்புறம்தான் டேப்பை அடைத்துக்கொண்டிருந்தது எது என்று பிடிபட்டது.

போட்டோவுக்குப் பதிலாக வீடியோவை அமுக்கியிருக்கிறாய். பாதிக்குப் பாதி அப்படித்தான். பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். "அசையாத தாயி, செத்த நேரம்" என்று உன் குரல். பிறகு நிறுத்தாமலே டேப்பைப் பைக்குள் போட்டிருக்கிறாய். அதன்பின் அரை மணி, முக்கால் மணி, வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள் நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். ஜன்னல் சீட்டுக்காக நீ கண்டக்டரிடம் சண்டை போடுகிறாய். கொய்யாவை நறுக் நறுக்கென்று கடிக்கிறோம். இன்னொன்றில் இருபது நிமிடம் உன் குறட்டை மட்டும்.

கழிக்க வேண்டியது இதைத்தான் என்றதும் மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அழித்தேன். அழிப்பதற்கு டேப் ஐந்து நிமிடம் யோசித்தது, நான் பத்து நிமிடம் யோசித்தேன். குறட்டைக்குச் சிரித்தேன். கண்டக்டர் சண்டைக்கு ஏனோ அழுதுவிட்டேன்.

அடியில் ஆயக்குடி கிடைத்தது. பத்து நொடி சடை தெளிவாகத் தெரிந்தது. மேலே மல்லிகை, நடுவில் பன்னீர் ரோஜா, நுனியில் மரிக்கொழுந்து. அப்புறம் இருட்டு. நான் சாப்பிடப் போயிருக்கிறேன் போல. "பூராமே நீங்க கட்டுனதுங்களா?" என்று அந்த அம்மா கேட்கிறார். டேப்பைக் காதோடு வைத்துக்கொண்டேன். கட்டுவது நான், பேர் உனக்கா என்று பத்து வருசம் உள்ளுக்குள் புழுங்கியவள் நான். உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"நானெங்க? கை பூராம் அவ கைதான். நான் வெறும் வாயி. அவ இல்லாட்டி எனக்கு ஒரு முழங்கூடக் கட்ட வராது" என்கிறாய். மறு நிமிடமே என் கொலுசுச் சத்தம். "என்னடி, இம்புட்டு நேரமாவா சாப்டுவ? ஒருத்தியாக் கெடந்து அல்லாடுறேன்!" பாவி மகளே, ஊருக்கெல்லாம் சொன்னதை என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?

அந்த ஒன்றை வைத்துக்கொண்டேன். இப்போது டேப் தொட்டதும் திறக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆயக்குடியில் சடை அச்சாக அதே மாதிரி அமைந்தது. "பேசுற அக்கா வரலீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். நீ போன விஷயத்தைச் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். "அப்ப இனி வேலைக்கு யாருகிட்டப் பேசுறதுங்க?"

"எங்கிட்டப் பேசுங்க. இனி வாயும் நான்தான்" என்றேன். எரியோட்டிலிருந்து வந்திருந்த அவர்கள் சொந்தக்காரர் ஒருவர், அங்கேயே அடுத்த மாதக் கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டார்.

பெண்ணைத் திருப்பி நிறுத்தி, "அசையாத தாயி, செத்த நேரம்" என்று படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது வீடியோ. நாற்பது நிமிடம்! பைக்குள் இருட்டு, பஸ் இரைச்சல், கொய்யா கடிக்கும் சத்தம். அப்புறம் பக்கத்துச் சீட்டில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி என் குரல்: "இவளே, சடை நல்லா அமைஞ்சிருச்சுடி. கொய்யாவும் நல்லாத்தான் இருக்கு."

பேசியது எனக்கு நினைவே இல்லை. இதை அழிக்கப் போவதில்லை. டேப் மெதுவாக ஓடினால் ஓடிவிட்டுப் போகட்டும்.