சிவப்பு நூல்

மார்ச் 9

அன்புள்ள மச்சானுக்கு,

தோற்றவன்தான் முதலில் எழுத வேண்டும் என்பது நம் விதி. எழுதித் தொலைக்கிறேன். கீழ்கரை இரண்டு, மேல்கரை ஒன்று. போதுமா? இனி காலை நீட்டி உட்கார்ந்து, மீசையை முறுக்கிக்கொண்டே படியுங்கள்.

அந்த இரண்டாவது கோல் ஆஃப்சைடு. ஊரே பார்த்தது, நடுவர் மட்டும் பார்க்கவில்லை. பஸ் பணிமனையில் நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கும் எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லையாம்.

இதைப் போனில் சொல்லியிருந்தால் நீங்கள் கத்தி, நான் கத்தி, நடுவில் அக்கா போனைப் பிடுங்கி வைத்திருப்பாள். "ரெண்டு பேரும் பந்துப் பேச்சை இனிமே எழுதித் தொலைங்க, எனக்குக் காது வலிக்குது" என்று அவள் போட்ட சட்டம் ஒருவகையில் நல்லதுதான். கத்த முடியாத இடத்தில் உங்கள் மேல் கொஞ்சம் மரியாதைகூட வருகிறது.

ஒரு புகார். என் நீலச் சட்டை அக்குளில் கிழிந்துவிட்டது என்று அக்காவிடம் தைக்கக் கொடுத்திருந்தேன். சிவப்பு நூலில் தைத்து வைத்திருக்கிறாள்! கேட்டால், "வீட்ல நீல நூலே இல்லடா, உன் மச்சான் வாங்க விட்டாத்தானே?" என்கிறாள். மேல்கரைக்காரன் அக்குளில் கீழ்கரை நிறம்! மானம் போகிறது மச்சான். நாங்கள் கோல் போட்டபோதுகூடக் கையை மடக்கியே வைத்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் தோள்பட்டை வலியா என்று தைலம் எடுத்து நீட்டினார்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
தோற்றுப்போன மாப்பிள்ளை

மார்ச் 13

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் டீ ஆறிப்போனது. ஆஃப்சைடாம் ஆஃப்சைடு! உங்கள் தடுப்பாட்டக்காரன் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தால் அதற்கு நாங்களா பொறுப்பு? மைதானத்துப் புல்லை வெட்டுகிறவன் நான், எனக்குத்தான் தெரியும், அந்த இடத்தில் எவ்வளவு வழுக்கும் என்று. என் புல்லும் எங்கள் பையன்களோடு சேர்ந்துதான் விளையாடுகிறது.

நூல் விஷயத்தில் நான் நிரபராதி. ஆனால் சந்தோஷம்.

சிரித்து முடித்துவிட்டேன். இனிச் சொல்வதை அக்காவிடம் சொல்லாதே. எங்கள் ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது. கடைசிக்கு முந்திய இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குக் கீழே ரயில்வே அணி, இரண்டு புள்ளி பின்னால். அவர்களுக்கு ஓர் ஆட்டம் பாக்கி, அதுவும் உங்கள் மைதானத்தில், உங்களோடு. அவர்கள் ஜெயித்தால் நாங்கள் இரண்டாம் பிரிவுக்குப் போவோம். போனால் மைதானத்துக்கு ஓர் ஆள் போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இருப்பது இரண்டு பேர். இன்னொருவன் சின்ன வயசு, டிராக்டரும் ஓட்டுவான். எனக்கு இந்த முட்டியை வைத்துக்கொண்டு இனி எவன் வேலை தருவான்?

டிரா போதும் மாப்பிள்ளை. உங்கள் அணிக்கு இனி ஏறவும் இடமில்லை, இறங்கவும் பயமில்லை. ஆனாலும் ஒழுங்காக ஆடச் சொல். நீ தொண்டை கிழியக் கத்து. ஜென்மத்தில் முதல் தடவையாக மேல்கரை ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேவலம் நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

அன்புடன்,
மச்சான்

மார்ச் 17

அன்புள்ள மச்சானுக்கு,

என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. ரயில்வே மூன்று, நாங்கள் பூஜ்ஜியம். எங்கள் பையன்களுக்கு நேற்று என்ன வந்தது என்று புரியவில்லை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடினது மாதிரி ஓடினார்கள். முதல் கோல் விழுந்ததுமே எனக்கு உங்கள் ஞாபகம்தான். கத்திக் கத்திப் பார்த்தேன். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மனதைத் தளரவிடாதீர்கள். உங்களைப் போலப் புல்லைப் பார்த்துக்கொள்ள இன்னொருவன் பிறந்து வர வேண்டும். மேனேஜருக்கு அது தெரியாமலா இருக்கும்? என்னால் ஆக வேண்டியது எதுவாக இருந்தாலும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்,
மாப்பிள்ளை

மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறாய். உள்ளூர் சேனலில் ஆட்டத்தைக் காட்டினார்கள். அதில் உன் கை தலைக்கு மேலே இருந்தது.

அக்கா பந்து பார்க்க மாட்டாள் என்று உனக்குத் தெரியும். அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, துவைத்த துணியை மடிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரயில்வே இரண்டாவது கோல் போட்டதும் கேமரா உங்கள் கேலரிக்குப் போனது. எல்லாரும் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள், சொந்த அணி கோல் வாங்கியதற்கு. முன்வரிசையில் நீ இரண்டு கையையும் தூக்கித் தட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக.

"அது தம்பியாங்க?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, அவனை மாதிரி எவனோ. நீலச் சட்டை போட்டா எல்லாப் பயலும் ஒரே மாதிரிதான் இருக்கானுங்க" என்றேன்.

அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

ஆகவே நீயும் அவளிடம் நீ இல்லை என்றே சொல். நான் சொன்ன பொய்யைக் காப்பாற்று. இந்த ஞாயிறு வர வேண்டாம்.

மச்சான்

மார்ச் 24

அன்புள்ள மச்சானுக்கு,

அன்புள்ள என்று எழுதவே கூசுகிறது.

உங்கள் கடிதத்தைப் பணிமனையில் பிரித்தேன். படித்ததும் ஒரு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அதில் பழுது ஒன்றும் இல்லை. முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

முதல் கோல் விழுந்தபோது நிஜமாகவே உங்கள் ஞாபகம்தான் வந்தது. அது பொய்யில்லை. அப்போது பின்னாலிருந்து எவனோ, "விடுங்கடா, நாம தோத்தா கீழ்கரை ஒழிஞ்சான்!" என்று கத்தினான். கேலரி முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. போன ஆட்டத்தில் தைலம் நீட்டிய அதே ஆள் பக்கத்திலிருந்து என் விலாவில் இடித்து, "என்ன, உங்க மச்சானுக்காக அழுறீங்களா?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். முதலில் அவர்களுக்குக் காட்டத்தான் கை தட்டினேன். அப்புறம், மச்சான், இதை எப்படி எழுத? அப்புறம் சந்தோஷமாகவே தட்டினேன். உங்கள் வேலை, முட்டி, கடிதம் எதுவும் அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை. கீழ்கரை இறங்குகிறது என்பது மட்டும்தான் இனித்தது. ஒரு வாரம் டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் போனவன்கூட என்னைவிட யோக்கியன்.

அதோடு விட்டேனா? மறுநாள் உட்கார்ந்து உங்களுக்கு ஆறுதல் வேறு எழுதினேன். கை தட்டியதைவிட அந்தக் கடிதம்தான் என்னைத் தூங்க விடமாட்டேன் என்கிறது. "துக்கத்தில் பங்குகொள்ளும்" என்று போட்டேனே, தூ!

நீங்கள் நன்றாகத் திட்டியிருக்கலாம். அக்காவிடம் என்னைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டீர்கள், அதுதான் தாங்கவில்லை. அவளிடம் நானே உண்மையைச் சொல்லிவிடட்டுமா? உங்கள் உத்தரவில்லாமல் அந்தப் படி ஏற எனக்குத் தைரியம் இல்லை. அந்தச் சட்டையை அன்றைக்குக் கழற்றியதோடு சரி, மூலையில் கிடக்கிறது.

நம் விதிப்படி தோற்றவன் எழுதிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லாத,
மாப்பிள்ளை

ஏப்ரல் 8

மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் திட்டு அதிகம், ஒன்றில் போதவில்லை.

டிராக்டர் ஓட்டுகிறவனையே வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மைதானத்து அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் விதை போட்டிருக்கிறேன், மிதிக்காமல் பார்த்துக்கொள் என்று அவனிடம் சொன்னேன். நல்ல பையன்தான், தலையாட்டினான். வேறு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ கை தட்டியதால் கோல் விழவில்லை. அது எனக்குத் தெரியாதா? போன வருஷம் நீங்கள் அடுத்தடுத்துத் தோற்றபோது நானும் இங்கே குதித்தவன்தான். ஆனால் என் கடிதத்தைப் படித்துவிட்டுத் தட்டினாயே என்று நினைக்கும்போது ஆறவில்லை. ஆறிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஒரு பொய் போதும்.

அந்தப் பொய்யும் நிற்கவில்லை. நீ ஏன் வருவதில்லை என்று அக்கா கேட்கவே இல்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்று காலை என் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள், நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"கையை அவ்ளோ உசரம் தூக்கினானே, அக்குள் தையல் மறுபடி விட்டிருக்கும். சட்டையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"அப்போ உனக்கு..." என்றேன்.

"நான் தச்ச தையல் எனக்குத் தெரியாதாங்க?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பட்டனை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வா. என்னிடம் ஒன்றும் பேச வேண்டாம், நானும் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை நீயே சொல். சட்டையை மறக்காதே. வீட்டில் இன்னும் சிவப்பு நூல்தான் இருக்கிறது.

மச்சான்