தம்பியைக் கண்டிக்க மாட்டேன்

ராஸ் லஃபான், கத்தார்
12.3.2007

அன்புள்ள அப்பாவுக்கு, முருகேசன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

தம்பி செழியன் காலேஜ் கபடி ஆட்டக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் வைத்திருக்கிறான், கண்டித்து எழுது என்றீர்கள். "படிக்கிற பசங்களுக்குச் சங்கம் எதுக்கு?" என்றாராம் பிரின்சிபால். அவர்கள் ஜெயித்த கோப்பையைப் பிடித்துக்கொண்டு பேப்பர்காரனுக்குப் பல்லைக் காட்டியபோது அந்தப் பெரிய மனுஷனுக்குப் படிப்பு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

இங்கேயும் அப்படி ஒருத்தர் உண்டு, எங்கள் கேம்ப் பாஸ். போன மாதம் கம்பெனிக்காக வாலிபால் ஆடியதில் என் முட்டி பிசகியது. பயப்படாதீர்கள், இப்போது நன்றாக நடக்கிறேன். லீவு கேட்டதற்கு, "விளையாட்டு டூட்டி இல்லை, லீவு மாஃபி" என்றார்; மாஃபி என்றால் கிடையாது. அடுத்தது ஃபைனல். விருந்தாளிகள் சோபாவில் காத்திருக்க, எங்கள் டீமில் மற்ற ஐந்து பேரும் ஆடாமல் கோர்ட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். "யல்லா, யல்லா!" என்று அவர்களை எழுப்பக் கத்தினார் பாஸ்.

"டூட்டி இல்லையே பாய்" என்றான் அந்த ஐவரில் ஒருவனான என் ரூம்காரன் வைரவன்.

சட்டை நனைய ஓடிவந்து எனக்கு ஒரு வாரம் லீவு எழுதிக்கொடுத்தார், அந்தச் சூரர். மறுநாளே வைரவனை ஊருக்கு ஏற்றிவிட்டார். ஏனென்று கேட்க இங்கே சங்கம் கிடையாது. அவன் கட்டில் காலியாகக் கிடக்கிறது.

அதனால் செழியனைக் கண்டிக்க மாட்டேன் அப்பா. முட்டிக்குத் தைலம் அனுப்புங்கள். கடிதம் கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள். சைட் பஸ் ஹாரன் அடிக்கிறது. சங்கத்து நோட்டீஸ் ஒன்றையும் உள்ளே மடித்து வைக்கச் செழியனிடம் சொல்லுங்கள். நாங்கள் ஐந்து பேர் படிக்க வேண்டும்.

முருகேசன்