மறுபடியும் ஓவர்லோட்

டிச. 3, செவ்வாய்

நேற்றுப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பசறை ரோட்டில் பஸ் சத்தம் கேட்கிறது, பஸ் தெரியவில்லை. ஃபெக்டரிக்கு வந்த தேயிலைக் கொழுந்தெல்லாம் ஈரம். ட்ரையருக்கு இரட்டை வேலை.

காலையில் ட்ரையரின் பெரிய விசிறி நின்றுவிட்டது. அதன் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியில் சிவப்பு விளக்கு. ஓவர்லோட் என்று எழுத்து. தேயிலைத் தூசி அடைத்துச் சூடாகியிருக்கும் என்று நினைத்தேன். திறந்து, ஊதி, துடைத்துப் போட்டேன். ஓடியது. மத்தியானம் மறுபடி நின்றது. மறுபடி ஓவர்லோட்.

விசிறி நின்றால் அடுப்பின் சூடு போக வழியில்லை, குழாய்கள் கருகிவிடும். அடுப்பு பார்க்கும் முனியாண்டி அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட வேண்டும். இரண்டாம் தடவை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதாவது திட்டியிருந்தால் பரவாயில்லை.

வாங்க வேண்டியது: ஃபியூஸ், பவிக்கு இருமல் மருந்து, சவர பிளேட்.

மல்லிகா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவின் கதவு தரையில் இழுபடுகிறதாம். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட வரும்போது கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறாளாம். சீவிக் கொடுக்கச் சொன்னாள். எங்கள் மகள் பவியும் அங்கேதானே பகல் முழுக்க.

டிச. 4, புதன்

மழை. மோட்டாரை விசிறியிலிருந்து கழற்றித் தனியாக ஓட்டினேன். சத்தமே இல்லை. டிரைவ் மூன்று கம்பியிலும் ஒரே அளவு கொடுக்கிறது. மோட்டாரில் கரண்ட் கசிவு இல்லை. ஆக டிரைவும் சரி, மோட்டாரும் சரி.

கோளாறு நடுவில். மோட்டாரின் தண்டும் விசிறியின் தண்டும் நேராக இல்லை. இணைப்பின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்தால் அடியில் வெளிச்சம் தெரிகிறது. விசிறிப் பக்கம் இறங்கியிருக்கிறது. மோட்டாரின் காலுக்கு அடியிலிருந்து தகடுகளை உருவி அதையும் இறக்கி நேராக்கினேன். கரண்ட் நாற்பத்தொன்று அம்பியர். பழைய கணக்கு. மனம் லேசானது.

டீமேக்கர் சிவபாலன் ஐயா வந்து பார்த்தார். ஃபெக்டரியின் பொறுப்பு முழுக்க அவர் தலையில். பால் விடாத பிளேன்டி வரவழைத்துக் கொடுத்தார். அவர் கையால் பிளேன்டி கிடைப்பது அபூர்வம்.

சாயங்காலம் கதவைச் சீவினேன். பவி சீவல் சுருள்களைக் காதில் தோடு மாதிரி மாட்டிக்கொண்டு ஆடினாள்.

டிச. 5, வியாழன்

காலையில் நாற்பத்துமூன்று. பத்து மணிவாக்கில் நாற்பத்தாறு. பிறகு சிவப்பு.

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம். அதே பக்கம்.

பண்டாரவளையில் டிரைவ் திருத்துகிற ரிஸ்வி நானாவுக்கு ஃபோன் போட்டேன். பெட்டி பொய் சொல்லாது, அதோடு சண்டை பிடிக்காமல் மோட்டார் எதை இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று பாருங்கள் என்றார். மேலே ஏதோ சொல்ல வந்தார், லைன் வெட்டிவிட்டது.

மாடியில் வாடப் போட்ட கொழுந்து சிவந்து நாறத் தொடங்கிவிட்டது. சிவபாலன் ஐயா கெஞ்சுகிற குரலில் கேட்டார், பெட்டியில் கரண்ட் எல்லையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் அலாரம் வராதுதானே என்று. தூக்கினேன். விளக்கு அணைந்தது. விசிறி சாயங்காலம் வரை நிற்கவே இல்லை.

நான் பக்கத்திலேயே நின்றேன். அலாரம் அடித்தபோது இருந்ததைவிட இப்போதுதான் பயமாக இருந்தது.

டிச. 6, வெள்ளி

இணைப்பின் ரப்பர் தேய்ந்து கரும்பொடியாகக் கொட்டிக் கிடக்கிறது. பேரிங்கில் கை வைக்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் எல்லையைப் பழையபடி இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் நின்றது. முனியாண்டி அண்ணன் விறகை இழுத்தார்.

ரப்பர் பொடியைக் கூட்டும்போதுதான் கண்ணில் பட்டது. மோட்டார் மேடைக்கும் விசிறி மேடைக்கும் நடுவில் தரையில் ஒரு கறுப்புக் கோடு. தூசிக் கோடு என்று எத்தனை வருடம் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

“அது முந்தியிருந்தே இருக்கு தம்பி,” என்றார் முனியாண்டி அண்ணன். “கூட்டுறப்ப தூளு போயி அடைஞ்சுக்கிரும்.”

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். தூள் வந்துகொண்டே இருந்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவர் பிடிவரை உள்ளே போனது. அடியிலிருந்து ஈரக் காற்று முகத்தில் பட்டது.

கோடு சுவர்வரை போகிறது. விசிறி இருக்கும் மூலை பிறகு கட்டியது, மண் நிரப்பிய இடம். அதற்கு வெளியே சரிவு. சரிவுக்கு அடியில் பிள்ளைக்காம்பரா.

கோட்டுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு பக்கமும் சிமெந்து பூசிவிட்டு வந்தேன். தரை அசைந்தால் உடையும்.

வீட்டுக்கு வந்தால் மல்லிகா.

“முந்தாநாளு சீவினீங்களே, அது எங்க போச்சு? இன்னைக்கி கதவு தொறக்க முடியாம புள்ளைகளோட உள்ளயே மாட்டிக்கிட்டேன்.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். மழைக்கு ஊதிய கதவு இல்லை. நிலையே சாய்ந்திருக்கிறது. விசிறி சாய்கிற அதே பக்கம்.

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

டிச. 8, ஞாயிறு

கண்ணாடி உடைந்திருந்தது. நடுவில், நேராக.

சிவபாலன் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். உடுத்த சாரத்தோடு, குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். குனிந்து வெடிப்புக்குள் விரலை விட்டார். நிமிர வெகுநேரம் ஆனது.

“யோகன், இத நான் தொரைக்கிட்ட எப்பிடிச் சொல்றது?”

பிள்ளைக்காம்பராக் கதவைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அங்கேயே தோட்ட மனேஜர் துரைக்கு ஃபோன் போட்டார். துரை பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்ன ‘யெஸ் சேர்’ மட்டும் கேட்டது, பல தடவை. கடைசியில், என் பொறுப்பில் நிறுத்துகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். ட்ரையர் நின்றது. கொழுந்தை லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பவியின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு நிற்கவில்லை. நாளைக்கு ஒரு பிள்ளையையும் அங்கே கொண்டுபோக மாட்டேன் என்றாள்.

டிச. 9, திங்கள்

மழை, காற்று. மல்லிகா பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் மேலே கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். நான் பால்மா டின்னையும் பாய்களையும் சுமந்தேன்.

பெண்களுக்குக் கோபம். கைப்பிள்ளையோடு அந்தப் படிகளை ஏறிவிட்டுப் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போனால் பிந்திவிடுகிறது, பிந்தினால் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர்தான் போடுவார்கள். ராணியக்கா முகத்துக்கு நேராகவே கேட்டார்.

“மெசின் ரிப்பேருக்குப் புள்ளைகள ஏன் மலையேத்துறீங்க?”

பதில் சொன்னேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

துரை வந்து பார்த்தார். ஜீப்பிலிருந்து இறங்கி, வெடிப்பைப் பார்த்து, பழைய கட்டடம் என்றார். மண்சரிவு பார்க்கிற ஆட்களுக்கு அறிவித்தாயிற்றாம். ரோடு சரியானால் வருவார்களாம். அதுவரை எதுவும் நிச்சயமில்லை என்றார்.

மீற்றர் பில் கட்டவில்லை. நாளைக்கு.

டிச. 10, செவ்வாய்

வெயில். நமுனுகுல மலை வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்கத் துணி காய்கிறது. நேற்றுப் புதிதாக ஒட்டிய கண்ணாடி அப்படியே இருக்கிறது. பார்த்துவிட்டு என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. மண்சரிவு பார்க்கிற ஆட்களும் வரவில்லை.

மத்தியானம் துரையின் உத்தரவு வந்தது. நாளையிலிருந்து ட்ரையர் ஓட வேண்டும். பிள்ளைக்காம்பராவும் திறக்கலாம்.

சிவபாலன் ஐயா என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறதாம், மகளின் கல்யாணம் வேறு வருகிறது. நான் மோட்டாரை நேராக்கினேன். எத்தனையாவது தடவையோ. உருவுவதற்கு அடியில் இனித் தகடு இல்லை.

மல்லிகா முந்தானை முடிச்சைத் தட்டிக் காட்டினாள்.

“சாவி எங்கிட்ட இருக்கு. யாரு கேட்டாலும் தொலைஞ்சிருச்சுன்னு சொல்லுங்க.”

நான் நினைத்தது தப்பாக இருக்கட்டும். ஊரே சிரிக்கட்டும்.

டிச. 11, புதன்

நகத்தில் சேறு இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

விடியும்போதே மழை, பழையதைவிடப் பெரிதாக. ட்ரையரைப் போட்டோம். நாற்பத்தொன்று. பெட்டியின் முன்னால் நின்று எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்துநான்கு. நாற்பத்தேழு. பிறகு ஒரே குதியாக எகிறிப் பெட்டி வெட்டிவிட்டது. இந்தத் தடவை ஓவர்லோட் இல்லை, ஓவர்கரண்ட். சுற்றிக்கொண்டிருந்ததை யாரோ பிடித்து நிறுத்தினால்தான் அப்படி வரும். உள்ளே விசிறியின் சிறகு கூட்டில் உரசுகிற சத்தம். கூடு கோணிவிட்டது.

கத்தினேன். சிவபாலன் ஐயா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோலர் பக்கம் நின்றவர்களை முதுகில் கைவைத்து வெளியே தள்ளினார். நான் அடுப்புக்கு ஓடினேன். முனியாண்டி அண்ணன் வழக்கம்போல விறகை இழுத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்தேன்.

“குழா கருகிரும் தம்பி. ரெண்டு வாரு வாரிட்டு வந்துர்றேன். நீ போ.”

கையை விட்டேன். ஏன் விட்டேன்.

நான் வெளியே வந்து சேரவும் மூலைச் சுவர் போனது. விழவில்லை, இறங்கியது. பிறகுதான் சத்தம், லொறியில் கல் கொட்டுகிற மாதிரி. விசிறி, அடுப்பின் பாதி, வெளிச்சரிவு எல்லாம் சேர்ந்து கீழே போய்ப் பிள்ளைக்காம்பராவின் மேல் உட்கார்ந்தது. தகரக் கூரை மட்டும் சேற்றின் மேலே கொஞ்சத் தூரம் வந்து நின்றது.

முனியாண்டி அண்ணன் ஒரு உத்தரத்துக்கு அடியில். உயிர் இருந்தது. மண்வெட்டியாலும் கையாலும் தோண்டி எடுத்தோம். கொழுந்து லொறியில் பதுளைக்கு.

மலையில் நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்தார்கள். பிள்ளைகள் கோயிலில் இருப்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நேரே சேற்றில் இறங்கி, தகரத்தைப் பிடித்து இழுத்து, கையால் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள். பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ராணியக்காவின் நகமெல்லாம் ரத்தம். நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மேலேயிருந்து மல்லிகா இரண்டு பிள்ளைகளை இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு படியில் வந்து நின்று கத்தினாள். அப்புறம்தான் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பவி இருக்கிறாள்.

ராணியக்கா படியேறி வந்து மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

டிச. 12, வியாழன்

தூறல். விடியப் பதுளைப் பெரியாஸ்பத்திரி. முனியாண்டி அண்ணனுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, குழாய் கருகிவிட்டதா என்று. இல்லை என்றேன். அந்த அறையே இல்லை என்பதை எப்படிச் சொல்வது. கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மனைவி என்னிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது மண்சரிவு பார்க்கிற ஆட்கள் வந்திருந்தார்கள். இன்றைக்குத்தான் ரோடு சரியானதாம். நேற்று இறங்கியது சின்னத் துண்டுதானாம். வெடிப்பு ஃபெக்டரிக்குப் பின்னால் மேலேறி, கோயிலைச் சுற்றி, எங்கள் லயத்துக்கு மேலே போகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். ஒரு கால் போகிற அகலம். லயத்துச் சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். எல்லோரும் உடனே வெளியேற வேண்டும்.

எங்கே என்று அவர்கள் சொல்லவில்லை, அது அவர்களுடைய வேலை இல்லையாம். ஸ்கூல் மண்டபத்தில் தோட்டத்துக் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு ஆட்கள் ஏற்கனவே நிரம்பியிருக்கிறார்கள். துரை மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறாராம். சிவபாலன் ஐயா யார் யாருக்கோ ஃபோன் போட்டார், தன் வீட்டில் மூன்று குடும்பத்தை வைத்துக்கொண்டார். மிச்சப் பேர் மூட்டை முடிச்சோடு ரோட்டோரத்தில். லொறி வரும் என்றார்கள். மத்தியானம் தாண்டியது. பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கின. முதலில் ஒரு குடும்பம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பியது. பிறகு இன்னொன்று. யாரும் யாரையும் தடுக்கவில்லை.

மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க போறதுன்னு சொல்லுங்க. போவோம்.”

மூட்டையைத் தூக்கினேன். நாங்களும் லயத்துக்கே வந்துவிட்டோம்.

வாசல் சுவரில் பெயின்ட் இன்னும் காயவில்லை, என் தோளில் ஒட்டிக்கொண்டது. மழை பிடிக்கிறது. மல்லிகா அரிசி களைகிறாள். பவியின் சப்பாத்தைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.